வாயாடியின் பேச்சு ஃபோல்டர்

அந்தத் தெருவில் டிரைவர் என்றால் அவர் ஒருவர்தான். கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களை அவர் அந்தக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கட்டைக் குரல். பேருந்தில் மைக் இருந்தது. அது கெட்டுப்போன நாட்களிலும் கடைசி சீட்டில் தூங்குகிறவனை எழுப்பி இறக்கிவிட அந்தக் குரலே போதும்.

வண்டியை எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். பிரேக், ஹாரன், வைப்பர், கதவு, கடைசியாக மைக். அதில் வாயை வைத்து, "கேக்குதா? கேக்குதா?" என்பார். பின்னாலிருந்து கண்டக்டர் கையை ஆட்டினால்தான் வண்டி நகரும். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. மிக்ஸியைக்கூட வெறுமனே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மனைவியிடம் கொடுப்பார். "உங்ககிட்ட மாட்டிக்கிட்டு இந்த மிக்ஸி படுற பாடு இருக்கே" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே மகள். பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், அது பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் பயன்பட்டது. வீட்டில் அவள் வாயாடி. பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. சாப்பிடும்போது பேசுவாள், பல் தேய்க்கும்போது பேசுவாள், பரீட்சைக்குப் படிக்கும்போது சுவரோடு பேசுவாள். விடியற்காலை ஷிப்டுக்கு டிரைவர் பூனைபோல் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அரைத் தூக்கத்தில் ஓடி வந்து சட்டையைப் பிடிப்பாள். "போயிட்டு வரேன்னு சொல்லாம எங்கப்பா போற?" சொன்ன பிறகுதான் பிடியை விடுவாள். வளர்ந்து ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. அப்பா சொல்லாமல் படியிறங்கினால் போனில் கூப்பிட்டுச் சொல்ல வைப்பாள்.

அந்த வாயில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. படைத்தவனுக்குக் கொஞ்சம்கூட வெட்கம் வேண்டாமா? நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிற நோய். முதலில் கைகள், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். கேட்டதிலிருந்து டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் நின்றார். வாழ்நாளெல்லாம் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்.

அழுது முடித்ததும் வாயாடி வேலையில் இறங்கினாள். பேச முடியாதவர்களுக்காகப் பேசும் கருவிகள் கடையில் இருந்தன. ஒன்றை இரவல் வாங்கி வந்து ஓடவிட்டுப் பார்த்தாள். "யாரோ மூக்கடைச்ச டீச்சர் மாதிரி பேசுது. இது என் வாயில இருந்து வந்தா அம்மா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நாக்கு இருக்கும்போதே தன் குரலைத் தானே சேர்த்து வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். தண்ணி, பசி, வலிக்குது, திரும்பிப் படுக்கணும், ஃபேன், வேண்டாம், அம்மா, அப்பா. ஒவ்வொரு சொல்லும் ஒரு ஒலிக் கோப்பாகப் பழைய லேப்டாப்பில் 'பேச்சு' என்ற ஃபோல்டருக்குள் போனது. இரண்டு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்த ஃபைல். ஒன்று பதிவு செய்யும். இன்னொன்று சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிக்கொண்டே வரும், வேண்டிய சொல் வரும்போது பொத்தானை அமுக்கினால் அது அவள் குரலில் ஒலிக்கும். கருப்புத் திரையில் தமிழ் எழுத்து உடைந்து உடைந்து தெரிந்ததால் எல்லாச் சொல்லுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தாள்.

பொத்தான் டிரைவர் கொண்டுவந்தது. உடைத்துப் போட்ட பேருந்திலிருந்து, இறங்க வேண்டியவர்கள் அமுக்கும் சிவப்புப் பொத்தானை டிப்போவில் கேட்டு வாங்கி வந்தார். போன் ரிப்பேர் கடை வைத்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அதைப் பழைய மவுஸ் ஒன்றோடு சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தான்.

எல்லாம் சரி, யார் இதை ஓட வைப்பது? கை போன பிறகு அவளால் லேப்டாப்பைத் தொட முடியாது. அம்மா அந்தக் கருப்புத் திரைப் பக்கமே வர மாட்டேன் என்றுவிட்டார். அதனால் டிரைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாணவராக உட்கார்ந்தார். ஆங்கில எழுத்துகள் அவருக்குத் தெரியும், வாசிப்பதுதான் வராது. எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் ஒரு சொல்லுக்கு வந்து சேருவார்.

முதல் நாளே மூக்கு உடைபட்டது. மகள் சொன்னபடி ஒற்றை விரலால் ./pesu.sh என்று அடித்தார். திரை Permission denied என்றது.

"என்ன சொல்லுது?"

"உனக்கு அனுமதி இல்லையாம்."

"என் வீட்ல, நான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்ல, எனக்கே அனுமதி இல்லையா? யாரு இது, எங்க டிப்போ மேனேஜரா?"

வாயாடி சிரித்தாள். சிரித்தால் அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கும். "அது உன்னைத் திட்டலப்பா. இதை ஓட்டலாம்னு யாரும் என்கிட்ட சொல்லலியேங்குது, அவ்வளவுதான். ls -l அடி."

ஃபோல்டரில் இருந்த ஃபைல்களின் வரிசை வந்தது. pesu.sh என்ற பெயருக்கு எதிரே -rw-r--r-- என்று எழுத்தும் கோடுமாக ஏதோ இருந்தது.

"ஒரு பஸ்ஸை நெனச்சுக்கோ. அதை மூணு விதமா தொடலாம். உள்ள எட்டிப் பார்க்கலாம், அது r. ஸ்பேனரோட போய் எதையாவது மாத்தலாம், அது w. சீட்ல உட்கார்ந்து ஓட்டலாம், அது x. முதல்ல இருக்கிற ஒத்தைக் கோட்டை விட்டுடு, அது வெறும் ஃபைல்னு சொல்லுது. அடுத்த மூணு இடம் சொந்தக்காரருக்கு. அதுக்கடுத்த மூணு டிப்போ ஆளுங்களுக்கு. கடைசி மூணு ரோட்ல போற வர்றவங்களுக்கு. கோடு போட்டிருந்தா அந்த உரிமை இல்லைன்னு அர்த்தம்."

டிரைவர் திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார். வெகு நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். "சொந்தக்காரன் பார்க்கலாம், ஸ்பேனர் வைக்கலாம். ஆனா ஓட்ட முடியாது. x இல்லையே!"

"என் அப்பா!" என்றாள் வாயாடி.

chmod u+x pesu.sh என்று அடிக்க வைத்தாள். சொந்தக்காரருக்கு ஓட்டும் உரிமையைக் கொடு என்று அதற்கு அர்த்தம். மறுபடி ls -l அடித்தபோது சொந்தக்காரர் இடத்தில் x வந்து உட்கார்ந்திருந்தது. உற்சாகத்தில் டிரைவர் வெறுமனே pesu.sh என்று அடித்தார். அப்படி ஒரு கமாண்டே கிடையாது என்று திரை கையை விரித்தது.

"இதோ கண்ணு முன்னாடி நிக்குதேம்மா வண்டி!"

"அது தனக்குத் தெரிஞ்ச டிப்போவில மட்டும்தான் தேடும். காலடியில நிக்கிறதைத் திரும்பிப் பார்க்காது. இங்க நிக்கிற வண்டின்னு நீதான் சொல்லணும். அதுக்குத்தான் முன்னாடி புள்ளியும் சாய்ஞ்ச கோடும்."

"அப்ப மேனேஜரேதான்" என்றார் டிரைவர்.

இங்கே எழுதியிருப்பதுபோல அவள் கோர்வையாகப் பேசிவிடவில்லை. நாக்கு தடித்துப்போய், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எச்சிலை விழுங்கி, நடுவில் இளைப்பாறி, இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. ஆனாலும் சொல்லிக் கொடுத்தாள். பதிவு செய்யும் ஸ்கிரிப்டுக்கும் அவரையே அனுமதி கொடுக்க வைத்தாள். டிரைவர் மனதில் ஒன்று ஆணி அடித்ததுபோல் இறங்கியது: திரை மறுத்தால் பயப்பட வேண்டாம், அனுமதி கொடுத்தால் வழிக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு பாடத்தைத்தான் அவர் காதில் வாங்கவில்லை. சொற்களையெல்லாம் பதிவு செய்து முடிக்கப்போகும் நாளில் அவள் ஒலிக் கோப்புகள் எல்லாவற்றிலிருந்தும் w-ஐ எடுத்துவிட்டாள். "இனிமே இதுல யாரும் ஸ்பேனர் வைக்க முடியாது. நான்கூட முடியாது. இந்தக் குரல் இனிமே வராதுப்பா, அழிஞ்சா அழிஞ்சதுதான்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே டிரைவர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். திரும்பி வந்தபோது பாடம் முடிந்திருந்தது. என்ன சொன்னாய் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. அதை நல்லா பேச வர்ற நாளா பார்த்துச் சொல்றேன்" என்றாள்.

"என்ன வார்த்தைம்மா?"

"அப்புறம் தெரியும்."

நல்ல நாள் சீக்கிரம் வரவில்லை. குரல் குழைந்துகொண்டே போனது. ஒரு நாள் சாயங்காலம், "நாளைக்குப் பதிவு பண்ணிடலாம்பா, எல்லாம் ரெடியா வை" என்றாள்.

ரெடியாக வை என்று டிரைவரிடம் சொன்னால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் அவள் கண் விழிக்கும் முன்பே மைக்கை மாட்டி, லேப்டாப்பைத் திறந்து, வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை தட்டிப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். பதிவு ஸ்கிரிப்டுக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும், அந்தப் பெயரில்தான் ஒலி சேரும். தட்டிப் பார்க்கத்தானே, எந்தப் பெயராக இருந்தால் என்ன என்று, விரலுக்குப் பழகிய ஒரே சொல்லை அடித்தார். appa.

Permission denied.

இதற்கு மருந்து தெரிந்தவராயிற்றே! u+x போட்டார். மறுபடியும் மறுத்தது. விடுவாரா? மச்சானுக்குப் போன் போட்டார்.

"என்ன மாமா, காலங்காத்தால?"

"பர்மிஷன் இல்லைங்குதுடா."

"அதானா? chmod 777 போட்டு ஒரு ஸ்டார் போடுங்க. எல்லா ஃபைல்லயும் எல்லாருக்கும் எல்லா உரிமையும் வந்துரும். நான் எப்பவும் அதைத்தான் போடுவேன், ஒரு தொல்லையும் இருக்காது."

போட்டார். தொல்லை இல்லை. பதிவு ஓடியது. டிரைவர் மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, மகள் எழுந்துவிடப் போகிறாளே என்று குரலைத் தாழ்த்தி, "கேக்குதா? கேக்குதா?" என்றார். பதிவானது என்று திரை சொன்னது. பதிவு முடிந்ததும் பென் டிரைவிலும் அதே பெயரில் ஒரு பிரதி போய் உட்கார வேண்டும் என்று வாயாடி ஸ்கிரிப்டில் எழுதியிருந்தாள். சொன்ன பேச்சைத் தட்டாமல் அதுவும் போய் உட்கார்ந்தது. டிரைவர் லேப்டாப்பை மூடிவிட்டு, திருப்தியாக, மகளை எழுப்பப் போனார்.

அவள் உடம்பு கொதித்தது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது ஏதோ சொன்னாள், யாருக்கும் விளங்கவில்லை. மூச்சுக்காக ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பியபோது குரல் என்று ஒன்று அவளிடம் இல்லை.

வந்த அன்று டிரைவர் தானே லேப்டாப்பைத் திறந்தார். யாரையும் கேட்கவில்லை. ஃபோல்டருக்குள் போனார், ./pesu.sh அடித்தார், ஓடியது. திரையை மகள் பக்கம் திருப்பி, வலது கையில் மிச்சமிருந்த ஒற்றை விரலுக்கடியில் சிவப்புப் பொத்தானை வைத்தார். அவள் அமுக்கினாள்.

"தண்ணி" என்றது அவளுடைய பழைய, படபடவென்ற குரல். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா" என்றது அடுத்து. அந்த அம்மாள் எழுந்து ஓடிவந்து மகளின் நெற்றியில் முத்தமிட்டார். தன் முறைக்காக டிரைவர் கட்டில் காலருகில் நின்றிருந்தார். முகத்தைக்கூடத் துடைத்துக்கொண்டார். வாயாடி அவரைப் பார்த்துக்கொண்டே அமுக்கினாள்.

"கேக்குதா? கேக்குதா?" என்றது லேப்டாப், ஒரு கட்டைக் குரலில்.

டிரைவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அந்தக் காலை, மைக், மறுத்த திரை, மூன்று ஏழு. அந்தக் கம்ப்யூட்டர் அவருக்கு அனுமதி மறுத்ததே அவருடைய சொத்தைக் காப்பாற்றத்தான். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை மறுத்துப் பார்த்தது. மகள் அப்பா என்று கூப்பிடும் குரலை, இனி உலகத்தில் எங்கேயும் கிடைக்காததை, அவரே தன் வாயால் அழித்துவிட்டிருந்தார். தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, பாவி" என்றார். மனைவி கையைப் பிடித்தும் நிற்கவில்லை.

"கேக்குதா? கேக்குதா?" என்றது லேப்டாப் மறுபடியும்.

நிமிர்ந்து பார்த்தார். வாயாடியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல், கண்ணில் நீர் வழிய, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விரல் மூன்றாவது தடவையும் அமுக்கியது.

மச்சான் ஓடி வந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. பழைய கல்யாண வீடியோக்களில் அவள் அப்பா என்று கூப்பிடுவது எங்காவது இருக்கும், அதிலிருந்து வெட்டி எடுத்துவிடலாம் என்றான். "வேண்டாம்" என்றது அவள் குரல். மறுபடி கெஞ்சினான். "வேண்டாம்." பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த எழுத்துப் பலகையில் அவள் கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்ட, டிரைவர் கூட்டிக் கூட்டி அடித்தார். chmod a-w appa.wav. அடித்து முடித்த பிறகுதான் அது என்னவென்று அவருக்கு விளங்கியது. தன் குரலுக்குப் போட்ட பூட்டை அவள் இப்போது அவர் குரலுக்குப் போட்டிருந்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் மகள் அப்பாவைக் கூப்பிட்டது அப்பாவின் குரலில்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதும், குளியலறையில் முகத்தில் சோப்போடு நிற்கும்போதும், "கேக்குதா? கேக்குதா?" என்று அவர் குரலே அவரைத் தேடிக்கொண்டு வரும். "கேக்குதும்மா, வரேன்" என்று ஓடுவார். வேலை ஒன்றும் இல்லாமல் சும்மா கூப்பிட்டு அலைக்கழிப்பதும் உண்டு. வாயாடி வாயாடிதான். கேட்டுக் கேட்டு அவருக்குக் குற்ற உணர்ச்சி மரத்துப்போனது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் குத்தியது. ஆனால் கூப்பிடாமல் இருந்த நேரங்கள் அதைவிட அதிகம் குத்தின.

குளிர் ஏறிய ஒரு பிற்பகல். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். வாயாடி காலையிலிருந்து எதையும் அமுக்கவில்லை, தூங்குவதும் விழிப்பதுமாக இருந்தாள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? கேக்குதா?"

"இங்கதாம்மா இருக்கேன். கேக்குது, சொல்லு."

அவள் கண்கள் திரைக்குப் போயின. சொற்கள் ஒவ்வொன்றாக நகர்வதை விடாமல் பார்த்தாள். எப்போதும் அமுக்கும் சொற்கள் எல்லாம் கடந்து போயின, அவள் பொறுத்திருந்தாள். வரிசையின் கோடியில் விரல் அசைந்தது.

சத்தம் வரவில்லை. ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. ஏதாவது தவறு நேர்ந்தால் நின்றுவிடும்படிதான் அவள் அதை எழுதியிருந்தாள்.

மறுபடியும் என்னத்தைக் கெடுத்துத் தொலைத்தேனோ! டிரைவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இரும்மா, இரு, இரு. பர்மிஷன்தான் ஏதோ. இப்பச் சரி பண்ணிடறேன்" என்றார். ls -l அடித்தார். pesu.sh-க்கு எதிரே x இருந்தது. ஒலிக் கோப்புகளுக்கு எதிரே r இருந்தது. உரிமைகளில் ஒரு குறையும் இல்லை. மேலே வந்திருந்த வரியைப் பார்த்தார். அவருக்குப் பழக்கமான Permission denied இல்லை அது. கடைசியில் No such file என்று இருந்தது. அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். எந்த ஃபைல்? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதற்கு முன்னால் இருந்த பெயரை விரல் வைத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

"பி, ஓ... போ. ஒய், ஐ... போயி. ரெண்டு டி, ஒரு யூ... போயிட்டு."

விரல் அங்கேயே நின்றது. அடுத்த சொல்லைக் கூட்டாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெயரை மட்டும் முன்பே வரிசையில் எழுதிவிட்டு, நல்ல நாளாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த கடைசிச் சொல். சொல்லாமல் இந்த வீட்டிலிருந்து யாரும் போகக் கூடாது என்று சட்டையைப் பிடித்தவள் சேர்த்து வைக்க நினைத்த சொல்.

திரும்பிப் பார்த்தார். கண்கள் அவர் பக்கம்தான் இருந்தன. மூச்சு இல்லை. விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

மடியிலிருந்த லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு, டிரைவர் அந்த விரலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சும்மா" என்றார். "கேட்டுச்சு. போயிட்டு வா."